சைக்கிள் ஃபிரேம்: எது எத்தனை காலம் தாங்கும், எது எப்படி உடையும்

புது சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்த ஃபிரேம் ரொம்ப நாள் உழைக்கும்? இதற்குத் தயாரான பதில்களும் எல்லார் வாயிலும் இருக்கின்றன. ஸ்டீல் என்றால் ஆயுசுக்கும் வரும், அலுமினியம் சில வருஷத்தில் சோர்ந்துபோகும், கார்பன் ஒரு அடி பட்டால் முடிந்தது, டைட்டானியத்துக்கு அழிவே கிடையாது. இந்த நாலிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நாலையும் அப்படியே நம்பிக் காசு போட்டால் நமக்குப் பொருந்தாத ஃபிரேமைத்தான் வாங்கி வைப்போம். என்னைக் கேட்டால், எத்தனை வருஷம் வரும் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இது கெட்டால் எந்த வழியில் கெடும், கெடுவதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரியுமா, தெரிந்தால் சரி பண்ண முடியுமா என்று கேட்க வேண்டும். இந்த மூன்றுக்கும் நாலு பொருட்களும் நாலு விதமாகப் பதில் சொல்கின்றன, முடிவு எடுக்க உதவுவதும் அந்த வித்தியாசம்தான்.

ஒரு ஃபிரேம் பெரும்பாலும் மூன்று காரணத்தால் போகிறது. திரும்பத் திரும்ப வளைந்து வளைந்து உலோகம் சோர்ந்து விரிசல் விடுவது ஒன்று, துரு அல்லது அரிப்பு இன்னொன்று, கீழே விழுந்தோ இடித்தோ வாங்கும் அடி மூன்றாவது. நாலாவதாக ஒன்றும் உண்டு, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: ஃபிரேம் நன்றாகவே இருக்கும், அதில் மாட்டுவதற்குப் பாகம் கிடைக்காது. அதைப் பற்றிப் பிறகு.

முதலில் சோர்வு. ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் கையாலேயே உடைத்துவிடலாம், ஒரே தடவையில் இழுத்து உடைக்க முடியாது. ஃபிரேமிலும் நடப்பது இதேதான், அளவு மட்டும் மிகச் சிறியது. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 4,800 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வலது கால் ஒரு தடவை, இடது கால் ஒரு தடவை ஃபிரேமின் அடிப்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் ரயில் அச்சுகள் ஏன் திடீரென்று உடைகின்றன என்று பல வருஷம் சோதித்துப் பார்த்த ஆகஸ்ட் வோலர் கண்டது இதைத்தான்: தாங்கக்கூடிய சுமையைவிட மிகக் குறைந்த சுமைகூட, போதுமான தடவை திரும்ப வந்தால் இரும்பை உடைத்துவிடும். ஆனால் அந்தச் சுமை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் எத்தனை தடவை வந்தாலும் ஸ்டீலுக்கு ஒன்றும் ஆகாது என்பதும் அந்தச் சோதனைகளில் தெரிந்தது. இந்த எல்லை ஸ்டீலுக்கு உண்டு, நடைமுறையில் டைட்டானியத்துக்கும் உண்டு. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சின்னச் சின்ன வளைவும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

அலுமினியம் சீக்கிரம் போய்விடும் என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. 1954இல் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு சில மாத இடைவெளியில் நடுவானில் சிதறியபோது, உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கி அலுமினிய உடலில் விரிசல் வளர்ந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்குப் பிறகும் விமானங்களை அலுமினியத்தில்தான் கட்டினார்கள், அவை பல பத்தாண்டுகள் பறக்கின்றன. எல்லை இல்லை என்று தெரிந்த பொறியாளர், வளைவே மிகக் குறைவாக இருக்கும்படி கட்டிவிடுகிறார். சைக்கிளிலும் அதுதான் நடந்தது. 1970களில் வந்த அலுமினிய ஃபிரேம்கள் ஸ்டீல் ஃபிரேம் மாதிரியே ஒல்லிக் குழாயில் இருந்தன. அலுமினியத்தின் விறைப்பு ஸ்டீலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் அவை ரொம்பவே நெளிந்தன. அப்புறம் கேரி கிளைன், கேனன்டேல் போன்ற அமெரிக்க சைக்கிள் தயாரிப்பாளர்கள் குழாயின் விட்டத்தைப் பெரிதாக்கினார்கள். குழாயின் சுவர் அதே தடிமனில் இருக்க, விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு சுமார் எட்டு மடங்காகும். வளைவு குறைந்தது, வளைவோடு சேர்ந்து சோர்வும் குறைந்தது. இன்று தடித்த அலுமினியக் குழாய்களைப் பார்க்கும்போது அழகைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சரி, அந்தத் தடிமன்தான் அந்த ஃபிரேமின் ஆயுள்.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. 1997இல் ஜெர்மனியின் டூர் பத்திரிகை 12 உயர்ரக ரேஸ் ஃபிரேம்களை எடுத்து, மிதிப்பது போல விசையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் இயந்திரத்தில் மாட்டிப் பார்த்தது. ஸ்டீல் ஃபிரேம்கள் எல்லாமே விரிசல் விட்டன, டைட்டானியமும் விரிசல் விட்டது. கடைசிவரை நின்றவை மூன்று: இரண்டு அலுமினியம், ஒரு கார்பன். சோர்வு எல்லை உள்ள உலோகங்கள் போய்விட்டன, எல்லை இல்லாத உலோகம் நின்றது! இதை வைத்து அலுமினியம் ஸ்டீலைவிடப் பலமானது என்று கிளம்பிவிடக் கூடாது, அதே சோதனையில் உடைந்த அலுமினிய ஃபிரேமும் உண்டு. எடை குறைக்க வேண்டும் என்று அந்த ஸ்டீல் ஃபிரேம்களை அவ்வளவு மெலிதாகக் கட்டியிருந்தார்கள், அதனால் குழாயில் வந்த விசை அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. அந்த இயந்திரம் மழையில் நனையவில்லை, கீழே விழவில்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம். அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: எந்தப் பொருள் என்பதைவிட அதில் எவ்வளவு பொருள் விட்டிருக்கிறார்கள், இணைப்பை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது பெரியது.

இதை ஒட்டி இன்னொன்று. 2014இல் வந்த, சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 4210இல் ஃபிரேமை 1,00,000 சுற்று மிதிவிசைக்கு உட்படுத்தும் சோதனை இருக்கிறது. மேலே போட்ட கணக்கின்படி அது 21 மணி நேர மிதிப்புக்குக்கூட வராது, அப்படியானால் இது ஒரு சோதனையா என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு மிதியிலும் 1,000 நியூட்டனுக்குக் குறையாமல் விசை போகிறது, அதாவது 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் பெடல்மீது முழுசாக நிற்பது போல. நாம் சும்மா ஓட்டும்போது அதில் கால்வாசி விசை வந்தாலே பெரிது. சோர்வில் விசை கொஞ்சம் குறைந்தாலே ஆயுள் பல மடங்கு கூடிவிடும். எனவே இந்தத் தரநிலையைத் தாண்டிய ஒரு சாதாரண ஃபிரேமை, எடையைப் பற்றிக் கவலைப்படாமல் கட்டிய ஃபிரேமை, சாலையில் அமைதியாக ஓட்டுபவர் மிதித்தே உடைப்பது அபூர்வம். அவருடைய ஃபிரேமுக்கு எமன் துருவாகவோ விபத்தாகவோதான் வரும்.

சரி, ஸ்டீல். ஸ்டீல் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே பெரிய வித்தியாசம் உண்டு. மலிவான சைக்கிளில் வருவது ஹை டென்சைல் ஸ்டீல்: குழாய் தடிமன், எடை அதிகம், அடி தாங்கும். அடுத்தது குரோமோலி, அதாவது குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்த கலவை, 4130 என்ற எண்ணில் தெரியும். அதற்கு மேலே ரேனால்ட்ஸ், கொலம்பஸ் போன்ற நிறுவனங்களின் குழாய்கள். ரேனால்ட்ஸின் 531 குழாய் 1935இல் வந்தது, அந்தக் காலத்து ஃபிரேம்கள் இன்னும் ரோட்டில் ஓடுகின்றன. இந்த நல்ல குழாய்களில் முனைகள் தடித்தும் நடு மெலிந்தும் இருக்கும், ஏனென்றால் சூடும் விசையும் இணைப்பில்தான் சேருகின்றன. மேல்தட்டு ரகங்களில் நடுச் சுவர் 0.4 மில்லிமீட்டர் வரை போகும். ஸ்டீல் ஆயுசுக்கும் வரும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது பழைய தடித்த குழாயை. 0.4 மில்லிமீட்டர் சுவரை ஹேண்டில் பார் திரும்பி ஒரு இடி இடித்தாலே நசுங்கிவிடும். துருவும் அப்படித்தான்: ஒரு மில்லிமீட்டர் சுவரில் கால் மில்லிமீட்டர் போனால் தாங்கிக்கொள்ளும், மெல்லிய சுவரில் அதே கால் மில்லிமீட்டர் போனால் பாதிக்கு மேல் போய்விட்டது.

துரு வெளியே மேலோட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை, தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடலாம். உள்ளே பிடிக்கும் துருதான் ஃபிரேமைத் தின்கிறது. தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று ஒருமுறை பின்தொடர்ந்து பாருங்கள். பின் சக்கரம் தெளிக்கும் தண்ணீர் சீட் குழாயின் பின்பக்கத்தில் விழுகிறது, அங்கே சீட் போஸ்டை இறுக்குவதற்காக வெட்டிய பிளவு இருக்கிறது, அதன் வழியாக உள்ளே கசிந்து, குழாயின் உட்சுவரோடு வழிந்து, கீழே பெடல் அச்சு இருக்கும் பாட்டம் பிராக்கெட் கூட்டில் போய்த் தேங்குகிறது. அந்தக் கூட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் வடியும். ஓட்டையில் சேறு அடைத்திருந்தாலோ ஓட்டையே இல்லாமல் இருந்தாலோ தண்ணீர் அங்கேயே மாதக்கணக்கில் நிற்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஒருநாள் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றும்போது ஆரஞ்சு நிறத் தண்ணீரும் செதில் செதிலாகத் துருவும் கொட்டும். அப்போதும் பெரும்பாலும் ஃபிரேம் பிழைத்துக்கொள்ளும், ஆனால் இன்னும் சில வருஷம் விட்டிருந்தால் சந்தேகம். ஸ்டீல் வாங்குகிறீர்கள் என்றால் முதல் நாளே குழாய்களுக்குள் துரு தடுக்கும் எண்ணெயைத் தெளித்து, ஃபிரேமை எல்லாப் பக்கமும் புரட்டி உட்சுவர் முழுக்கப் படியவிட்டு உலர்த்துங்கள். ஒரு மாலைப்பொழுது வேலை, பல வருஷ ஆயுள்.

ஸ்டீலில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. விரிசல் விட்டால் மெதுவாக வளரும். முதலில் பெயின்டில் மயிரிழை போல ஒரு கோடு, அந்தக் கோட்டின் ஓரத்தில் பழுப்புக் கறை, மிதிக்கும்போது ஒரு கிரீச் சத்தம், அப்புறம் சைக்கிளே ஒரு மாதிரி நெளிவது. இத்தனை எச்சரிக்கை கொடுத்த பிறகுதான் விட்டுப்போகும். போனாலும் வெல்டிங் தெரிந்த ஒருவரால் ஒட்டிவிட முடியும், நல்ல ஃபிரேம் என்றால் போன குழாயை மட்டும் மாற்றித் தரக்கூடிய கைவினைஞர்கள் இருக்கிறார்கள். பழைய 126 மில்லிமீட்டர் பின் அகலத்தை 130க்கு வளைத்துப் புதிய சக்கரம் மாட்டலாம். அலுமினியத்தில் அப்படி வளைத்துப் பார்க்கவே கூடாது. வயசானால் ஸ்டீல் ஃபிரேம் தொய்ந்து மிருதுவாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், அது உண்மையில்லை. விரிசல் இல்லாதவரை அதன் விறைப்பு முதல் நாள் இருந்ததுதான். நெளிகிறது என்றால் எங்கோ விரிந்திருக்கிறது, அல்லது சக்கரமோ பேரிங்கோ தளர்ந்திருக்கிறது, தேடுங்கள்.

அலுமினியம் இந்த விஷயத்தில் அவ்வளவு பொறுமை காட்டாது. விரிசல் ஆரம்பிக்க ரொம்பக் காலம் ஆகலாம், ஆரம்பித்தபின் முழுசாகப் போக அதிக நாள் எடுக்காது. அது ஆரம்பிக்கும் இடங்கள் ஏறக்குறைய நிச்சயம்: ஹேண்டில் குழாய்க்குக் கீழே சாய்வுக் குழாய் வந்து சேரும் வெல்டிங்கின் ஓரம், பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி, சீட் குழாயின் பிளவு முடியும் இடம், அங்கிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் செயின் பக்கத்துக் குழாயான பின் முட்டு. வெல்டிங்கைவிட அதை ஒட்டிய சில மில்லிமீட்டர்தான் பலவீனம், காரணம் சூடு. 6061 கலவையை வெல்ட் பண்ணினால் அந்த ஓரத்தில் பலம் பாதி அளவுக்கு இறங்கிவிடும். பிறகு முழு ஃபிரேமையும் உலையில் வைத்துச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து அந்தப் பலத்தைத் திரும்ப ஏற்றுகிறார்கள். டி6 என்று ஸ்டிக்கரில் போட்டிருப்பது இதைத்தான். 7005 கலவைக்குக் கடைசிச் சூடு மட்டும் போதும். விரிந்த அலுமினிய ஃபிரேமை எங்காவது கொடுத்து வெல்ட் வைத்து ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணமும் இதுவே. பற்றவைக்கத் தெரிந்தவர் நிறையப் பேர், மொத்த ஃபிரேமையும் உலையில் வைத்து எடுப்பவர் யார்? அந்த ஒட்டு அழகாக இருக்கும், பக்கத்திலேயே மறுபடி விரியும்.

அலுமினியத்துக்குத் துரு இல்லையென்றாலும் உப்பு அதற்கும் எதிரிதான். இரும்பு போல்ட் போகும் இடத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, கீறினால் உள்ளே வெள்ளைப் பொடி இருக்கும். வீட்டுக்குள் டிரெய்னரில் மாட்டி மிதிப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும், ஏனென்றால் வியர்வை மேல் குழாயிலும் ஹேண்டில் பகுதியிலும் சொட்டிக்கொண்டே இருக்கிறது, காற்றும் இல்லை. முடிந்ததும் ஈரத் துணியால் துடைத்துவிட்டால் போதும். அதே நேரம், மழையிலும் வெயிலிலும் வெளியே நிற்கும், யாரும் எண்ணெய் போடாத, வருஷத்துக்கு ஒருமுறை துடைத்தாலே பெரிது என்னும் சைக்கிளுக்கு மெல்லிய ஸ்டீலைவிட அலுமினியமே மேல் என்பேன். பராமரிக்கப் போவதில்லை என்று தெரிந்தே ஸ்டீல் வாங்கி, அது ஆயுசுக்கும் வரும் என்று நம்புவது சரியாக வராது.

ஸ்டீல், டைட்டானியம் இரண்டுக்கும் பொதுவான ஒரு தொல்லையை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்ல ஃபிரேம்கள் பல இதனால்தான் வீணாகின்றன. இரண்டிலும் சீட் போஸ்ட் பெரும்பாலும் அலுமினியம். இரண்டு உலோகம் உரசும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து, அந்த அரிப்புப் பொடி இடைவெளியை அடைத்து வீங்கிக்கொள்ளும். அப்புறம் அந்தப் போஸ்ட் மேலேயும் வராது, கீழேயும் போகாது. சுத்தியலால் தட்டி, பைப் மாட்டித் திருகி, கடைசியில் அறுத்து எடுக்க வேண்டிவரும், பல நேரம் ஃபிரேமும் சேர்ந்து கெட்டுவிடும். சில மாதத்துக்கு ஒருமுறை போஸ்டை உருவி, துடைத்து, கிரீஸ் தடவிச் சொருகினால் இது வரவே வராது. டைட்டானியத்தில் கிரீஸுக்குப் பதில் உலோகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பேஸ்ட் நல்லது. கார்பன் ஃபிரேமிலோ கார்பன் போஸ்டிலோ கிரீஸ் வேண்டாம், அதற்கென்று சொரசொரப்பான பேஸ்ட் தனியாக உண்டு.

டைட்டானியத்தின் பெயரும் புகழும் பெரும்பாலும் நியாயமானவை. துரு இல்லை, பெயின்ட் தேவையில்லை, உப்புக் காற்றுக்கு அசையாது, சோர்வு எல்லையும் உண்டு. ஆனால் அழிவே இல்லாதது என்பது மிகை. 1970களின் நடுவில் வந்த டெலிடைன் டைட்டன் சுத்த டைட்டானியக் குழாயில் செய்தது, அந்த ஃபிரேம்கள் உடைவதற்குப் பேர் வாங்கின. இப்போது வருவது 3 சதவீதம் அலுமினியமும் 2.5 சதவீதம் வனேடியமும் கலந்த குழாய், அது வேறு ரகம். இருந்தாலும் அதன் உயிர் வெல்டரின் கையில் இருக்கிறது. சூடான டைட்டானியம் காற்றிலிருந்து ஆக்ஸிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொண்டு மண்சட்டிபோல் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். அதனால் வெளியே மட்டுமல்ல, குழாய்க்குள்ளும் ஆர்கான் வாயு நிரப்பிக்கொண்டுதான் பற்றவைக்க வேண்டும். மெருகேற்றுவதற்கு முன்பு வெல்டிங்கைப் பார்த்தால் வெள்ளி நிறமோ லேசான வைக்கோல் நிறமோ நல்லது. அடர் நீலம், சாம்பல், வெள்ளைப் பொடி என்று போகப் போகக் காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் நம் கைக்கு வரும்போது மெருகேற்றி மறைத்துவிட்டிருப்பார்கள், எனவே யார் செய்தது, எத்தனை காலமாகச் செய்கிறார்கள் என்பதற்குத்தான் காசு கொடுக்கிறோம். மலிவான டைட்டானியத்தைவிட நல்ல குரோமோலி எவ்வளவோ மேல். ரிப்பேர் பண்ணலாம், ஆனால் அதற்கும் அதே திறமையுள்ள ஆள் வேண்டும்.

கார்பனுக்கு வருவோம். அதிகம் திட்டு வாங்கும் பொருள் இது. 1986இல் கிரெக் லெமாண்ட் கார்பன் குழாய் ஃபிரேமில் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். அந்தக் காலத்து ஃபிரேம்களில் கார்பன் குழாய்களை அலுமினிய இணைப்புகளுக்குள் பசை வைத்துச் சொருகியிருப்பார்கள், பழசானதும் பல ஃபிரேம்களில் அந்தப் பசை விட்டுக்கொண்டது. கார்பன் மின்சாரம் கடத்தும், அலுமினியத்தோடு தொட்டுக்கொண்டு ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். கார்பன் நிலைக்காது என்ற பேச்சில் பாதி அந்தத் தலைமுறை ஃபிரேம்களால் வந்தது. இப்போது பெரும்பாலும் முழு ஃபிரேமும் கார்பன், உலோகம் தொடும் இடத்தில் இடையே கண்ணாடி இழை வைக்கிறார்கள்.

சோர்வைப் பொறுத்தவரை நன்றாகச் செய்த கார்பன் இந்த நாலில் யாருக்கும் சளைத்ததல்ல. அந்த 1997 சோதனையே சாட்சி. வெயிலில் வைத்தால் கார்பன் இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் பிசின் கெட்டுவிடும் என்பார்கள், பெயின்டும் மேல்பூச்சும் இருக்கும்வரை அது கவலையில்லை. கவலை அடியும் இறுக்கமும்தான். இழைகள் நீளவாக்கில் இழுக்கும் விசைக்குத்தான் பலம், பக்கவாட்டில் ஒரு புள்ளியில் வரும் அடிக்கு இல்லை. சைக்கிள் சாய்ந்து ஒரு கல்லின் முனையில் மேல் குழாய் விழுந்தால், ஸ்டீல் நசுங்கும், அலுமினியமும் நசுங்கும், அந்த நசுங்கல் கண்ணுக்குத் தெரியும். கார்பன் ஒரு கணம் உள்ளே போய்த் திரும்பி வந்துவிடும். வெளியே பெயின்டில் ஒரு கீறல், உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். கார்பனை நம்பாதவர்கள் பயப்படுவது இதற்குத்தான், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

அடிபட்ட இடத்தை நாமே ஓரளவு சோதிக்கலாம். ஒரு நாணயத்தை எடுத்து, நன்றாக இருக்கும் பகுதியில் ஆரம்பித்து, சின்னச் சின்ன இடைவெளியில் மெதுவாகத் தட்டிக்கொண்டே அடிபட்ட இடத்தை நோக்கி வாருங்கள். நல்ல கார்பன் டக் டக்கென்று கணீரென்று கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் சட்டென்று மந்தமாகும். குழாயின் தடிமன் மாறும் இடத்திலும் சத்தம் மாறும் என்பதால், வலப்பக்கத்தில் தட்டிய அதே இடத்தை இடப்பக்கத்திலும் தட்டி ஒப்பிட வேண்டும். இதில் நன்றாகக் கேட்டது என்பதற்காக முழுசாக நம்பிவிடக் கூடாது, மந்தமாகக் கேட்டால் மட்டும் சந்தேகமே இல்லாமல் ஓட்டுவதை நிறுத்திவிடலாம். இடைப்பட்டதெல்லாம் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் போக வேண்டும்.

இறுக்கம் இன்னொரு எமன். சீட் கிளாம்ப் போல்டில் 5 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தால் அதற்கு மேல் போகக் கூடாது, அதைக் கையால் கணிக்க முடியாது, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாமல் கார்பன் சைக்கிள் வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. ரிப்பேர் ஸ்டாண்டில் மேல் குழாயைக் கவ்வவைப்பது, கார் கேரியரில் குழாயைப் பிடித்து இறுக்குவது, இதெல்லாம் வேண்டாம். பெயின்ட் உரிக்கும் திரவம் பிசினையும் சேர்த்து உரித்துவிடும். காரின் பின்னால் மாட்டும்போது புகைக்குழாயின் நேர் எதிரில் சக்கரமோ ஃபிரேமோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தச் சூடு பிசினை இளக்கிவிடும்.

ஆனால் கார்பனை ரிப்பேர் பண்ண முடியாது என்பது தவறு. கெட்ட பகுதியைச் சரிவாகத் தேய்த்து எடுத்து, அதே திசையில் புதிய அடுக்குகளை ஒட்டி, அழுத்தத்தில் இறுகவைத்தால் குழாய் பழைய பலத்துக்கு வந்துவிடும். விரிந்த அலுமினியத்தைவிட விரிந்த கார்பனுக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், இதைக் கேட்டால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் மட்டும் விதிவிலக்கு. ஃபோர்க்கோ அதன் தண்டோ சந்தேகமாக இருந்தால் ரிப்பேர் வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஃபிரேம் எந்தப் பொருளாக இருந்தாலும் இதுதான் என் கருத்து, ஏனென்றால் பின் முட்டு விரிந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், ஃபோர்க் விட்டால் முகம்தான் முதலில் ரோட்டில் படும்.

மெக்னீசியம், மூங்கில் பற்றியும் கேட்பார்கள். மெக்னீசியம் மிக இலகு, பினாரெல்லோ 2000களில் அதில் உயர்ரக ரேஸ் ஃபிரேம் செய்தது, ஆனால் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் உப்பும் ஈரமும் வேகமாகத் தின்றுவிடும். நீண்ட காலத்துக்கு என்று வாங்குபவருக்கு அது வேண்டாம். மூங்கில் சைக்கிள் 1890களிலேயே விற்பனைக்கு வந்தது, பதப்படுத்திப் பூச்சு கொடுத்திருந்தால் அதுவும் உழைக்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்.

முன்பு தள்ளி வைத்த நாலாவது காரணம் இப்போது. முப்பது வருஷம் தாங்கும் ஃபிரேம் வாங்கி, பத்தாவது வருஷத்தில் அதற்கு பேரிங் கிடைக்காமல் போனால் என்ன பிரயோஜனம்? மரை போட்ட பாட்டம் பிராக்கெட், 27.2 மில்லிமீட்டர் வட்ட சீட் போஸ்ட், வெளியே ஓடும் கேபிள், பின் கியரை மாற்றும் டிரெயிலியரைத் தாங்கும், கழற்றி மாற்றக்கூடிய ஹேங்கர், இவை இருந்தால் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த மாடலுக்கென்றே வார்த்த வடிவத்தில் சீட் போஸ்ட், ஹேண்டில் குழாய்க்குள் ஒளிந்து போகும் கேபிள், அழுத்திச் சொருகும் பேரிங் என்றால் அந்த நிறுவனம் அந்த மாடலைக் கைவிடும் நாள்தான் உங்கள் ஃபிரேமுக்கும் கடைசி நாள். ஹேங்கரை இப்போதே இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அலுமினியமும் கார்பனும் வாங்குபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். வாரண்டியில் லைஃப்டைம் என்று போட்டிருந்தால் சின்ன எழுத்தையும் படியுங்கள். பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், விபத்தும் தேய்மானமும் அதில் வராது.

இத்தனையும் வைத்துக்கொண்டு நான் எப்படித் தேர்ந்தெடுப்பேன்? தினசரிப் போக்குவரத்துக்கு, வெளியே நிற்கும், கவனிக்க நேரம் இல்லை என்றால் எடையைப் பார்க்காமல் கட்டிய தடித்த அலுமினிய ஃபிரேம். சுமை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவருக்குக் குரோமோலி ஸ்டீல், அதிலும் மிக மெலிதான ரகம் வேண்டாம், உள்ளே எண்ணெய் தெளித்து. அடிக்கடி விழ வாய்ப்புள்ள ரேஸ் ஓட்டுபவருக்கு அலுமினியம், விழுந்தால் கண்ணால் பார்த்து முடிவெடுக்கலாம், போனாலும் மாற்றுவது அவ்வளவு வலிக்காது. விழுந்தபின் நிதானமாக உட்கார்ந்து தட்டிப் பார்க்கிறவர், டார்க் ஸ்பேனர் வைத்திருப்பவர் என்றால் கார்பன் தாராளமாக வாங்கலாம், பயமே வேண்டாம். கடலோரத்தில் இருந்துகொண்டு, ஒரே சைக்கிளை வாழ்நாள் முழுக்க வைத்திருக்க வேண்டும், விலை தடையில்லை என்றால் நல்ல கைபட்ட டைட்டானியம்.

இன்னொருவர் ஓட்டிய ஃபிரேமை வாங்குகிறீர்கள் என்றால் பொருளைவிட வரலாறு முக்கியம். பகல் வெளிச்சம் போதாது, ஒரு டார்ச்சை எடுத்து வெல்டிங் ஓரங்களில் சாய்வாக அடித்துப் பாருங்கள், நேராக அடித்தால் தெரியாத மயிரிழைக் கோடு சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விட்டுக் காட்டிக்கொடுக்கும். பெயின்டில் மட்டும் உள்ள கீறலா உலோகத்தில் உள்ள விரிசலா என்று சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் பெயின்டைச் சுரண்டிப் பார்க்க உரிமையாளரிடம் கேளுங்கள். ஹேண்டில் குழாய்க்குப் பின்னால், மேல் குழாயின் அடியிலும் சாய்வுக் குழாயின் அடியிலும் விரலால் தடவுங்கள், முன்பக்கமாக மோதிய ஃபிரேமில் அங்கே ஒரு சின்ன அலை தட்டுப்படும். சீட் போஸ்டை உருவச் சொல்லுங்கள், வரவில்லை என்றால் அங்கேயே விட்டுவிட்டு வரலாம். கார்பன் ஃபிரேம், மேலே புதுப் பெயின்ட், ஏன் அடித்தார்கள் என்பதற்குச் சரியான பதில் இல்லை என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.